மேற்கே உதித்த மஞ்சள் விளக்கு

போன வருஷத்துக்கு முந்தின தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில், பழவேற்காடு முகத்துவாரத்தில் சூரியன் மேற்கே உதித்தது.

அதுவும் ஒன்றில்லை, இரண்டு. மஞ்சள் நிறம். ஒரு பிக்கப் வண்டியின் முன் பம்பரில், மணலிலிருந்து இரண்டடி உயரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக உதித்தன. ஏரியில் ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்த பூநாரை இருபதாயிரமும் எந்தப் பக்கம் திரும்பி முழிப்பது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றின. காட்டூரில் ஒரு சேவல் இரண்டு முறை கூவிவிட்டு, அவமானம் தாங்காமல் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறவர்கள் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் நம்ப மாட்டீர்கள், ஆகையால் விட்டுவிடுவோம்.

கரையில் நின்ற நாற்பது பேரும் பார்த்தார்கள். பார்க்கவில்லை, பொய் என்று சொன்னவர் ஒரே ஒருவர். திருவேங்கடம். தோணிரேவு மீனவக் குப்பத்தில் அவர் சொல்தான் சொல்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூரியன்கள் உதித்ததே அவருக்காகத்தான். மூடுபனியில் படகோடு தொலைந்துபோன அவரைக் கரைக்குக் கூட்டி வருவதற்கு. உதிக்க வைத்தவள் அவர் பெற்ற மகள் கலைவாணி.

அவளுக்கு அதில் கிடைத்தது கட்டைவிரலில் ஒரு தழும்பு. அது மட்டும்தான்...

*

அதற்கு இரண்டு மாதம் முன்பு, கார்த்திகை மழை. மழை என்றால், அந்த வருஷம் ஏரி எது, வயல் எது, ரோடு எது என்று மீனுக்கே குழப்பம். திருப்பாலைவனத்தில் பஸ் நிற்கும் இடத்தை ஒட்டிக் கலைவாணிக்கு ஒரு சின்னக் கடை. வண்டிகளுக்கு பேட்டரி, ஹாரன், விளக்கு. ஐ.டி.ஐ.யில் அவள் படித்த வருஷம் வகுப்பில் ஒரே பெண். படித்து முடித்தபோது ஆண்கள் எல்லோரும் அவளிடம்தான் சந்தேகம் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, காலடியில் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் தோணிரேவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். எதிரே வந்தது வெளிச்சம்.

அப்படி ஒரு வெளிச்சம். வெள்ளை வெளேரென்று, மழைத்துளிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல. கலைவாணிக்கு ரோடு காணாமல் போனது. அடுத்த நொடி அவளும் காணாமல் போனாள். ஸ்கூட்டர் வரப்பில். பேட்டரி வாய்க்காலில். அவள் நாற்றங்கால் சேற்றில்.

பிரேக் போட்ட சத்தம். குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான் ஒருவன். சேற்றில் முழுகி எழுந்தவளுக்குக் குடை பிடித்தான்.

முகமெல்லாம் சேறு. அதில் இரண்டு கண்கள் மட்டும்... மழை கழுவிப்போட்ட கிளிஞ்சல் மாதிரி.

"அடி பட்டுச்சாங்க?"

"மொதல்ல லைட்ட அணைங்க."

ஓடினான். உடனே திரும்பி வந்தான்.

"அணைய மாட்டேங்குதுங்க."

"இன்னாது?"

"சுவிட்ச்சு கையோட வந்துடுச்சு." உள்ளங்கையை நீட்டினான். உருகிப்போன சுவிட்ச், வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி.

கலைவாணி சேற்றிலிருந்து ரோட்டுக்கு ஏறி வந்து, பானெட்டைத் தூக்கச் சொல்லி, குனிந்து பார்த்தாள்.

"ஃபியூஸ் எங்க?"

"எதுக்குங்க?"

"ரிலே?"

"அப்படின்னா?"

கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறந்தாள். "யாரு மாட்டினது இத?"

"நான்தாங்க. வீடியோ பாத்து."

"எத்தினி நிமிஷ வீடியோ?"

"அஞ்சு நிமிஷம்... பாதிதான் பாத்தேன்."

"தெரியுது." பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, பேட்டரியில் சுற்றியிருந்த வயரைக் கழற்றி உருவினாள். பெரிய வெளிச்சம் செத்தது. வண்டியின் சொந்த விளக்கு மட்டும் சாதுவாக மழையைக் காட்டிக்கொண்டு நின்றது. "கைய வெச்சுப் பாருங்க, வயரு எப்படிக் கொதிக்குதுன்னு. இன்னும் பத்து நாளு இப்படி ஓட்டியிருந்தா வண்டியோட எரிஞ்சிருப்பீங்க. நாளைக்குக் கடைக்கு வாங்க."

"எரிஞ்சாலும் பரவால்லங்க..."

"இன்னாது?"

"ஒண்ணுமில்லங்க."

அவன் பெயர் மோகன்குமார். காட்டூரில் நெல் போடுகிற குடும்பம். இவனுக்கு வயல் பிடிக்கவில்லை, ரோடுதான் பிடித்தது. பழவேற்காட்டில் நண்டும் இறாலும் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோகப் புதுசாக ஒரு பிக்கப் வாங்கியிருந்தான். அந்த வண்டியை அவன் துடைத்த துடைப்பில் நிறம் இரண்டு சுற்று மங்கியிருந்தது.

*

மறுநாள் கடை திறக்கும் முன்னாலேயே வந்து நின்றான். கலைவாணி பழைய வயரையெல்லாம் ஒரே இழுப்பில் உருவிக் குப்பையில் போட்டாள்.

"சுவிட்ச்சுக்குச் சின்ன கரெண்ட் போதும். பெரிய கரெண்ட்ட ரிலே பாத்துக்கும். நீங்க எல்லாச் சுமையையும் சுவிட்ச்சு தலையில ஏத்திட்டீங்க. அது அழுதுட்டே உருகிடுச்சு."

"பாவங்க."

"சுவிட்ச்சா?"

"நானும்தான்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் ஸ்பானர் ஒரு திருகு அதிகமாகத் திரும்பியது.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தாள். வயர்களை நெளிக் குழாயில் செருகி, சூடு படாத வழியாகக் கொண்டுபோய், கிளிப் போட்டாள். எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்கினாள். ஒவ்வொரு முனையிலும் கிரீஸ் தடவினாள். ஏனென்றால் பழவேற்காட்டில் காற்றே பாதி உப்பு. இரும்பை மூன்று மாதத்தில் தின்றுவிடும். கூரைமேல் இருந்த வெள்ளை விளக்குப் பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"இத வெச்சுக்கிட்டு ரோட்டுல போனா நாலு பேர் கண்ணப் புடுங்குறீங்க. எதிர்ல வர்றவன் கண்ணு இன்னா உங்க சொத்தா? பம்பர்ல கீழ ரெண்டு லைட்டு போதும். மஞ்சள்."

"மஞ்சளா? கல்யாண வண்டி மாதிரி இருக்குமே."

"இருக்கட்டுமே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. சட்டென்று குனிந்து, கீழே விழாத திருகைத் தேட ஆரம்பித்தாள். அவனும் கூடக் குனிந்து, அதே திருகை, அதே இடத்தில், ரொம்ப நேரம் தேடினான்...

"தை மாசம் பனி வரும்," என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "வெள்ள லைட்டு பனியில பட்டா சுவரு மாதிரி நிக்கும். மஞ்சள்தான் ஊடால பூந்து போகும்."

கடைசியில் வண்டியை எதிர்ச் சுவருக்கு நேராக நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் கோட்டுக்கு மேல் ஏறாமல் விளக்கைச் சாய்த்தாள். சுவிட்சைத் தட்டச் சொன்னாள். தட்டினான். பானெட்டுக்குள் ரிலே 'டிக்' என்றது. சுவரில் இரண்டு மஞ்சள் வட்டம் விழுந்தது. நடுவில் கலைவாணி நின்றுகொண்டிருந்தாள்.

அந்த நிமிஷம் மோகன்குமாருக்கு நெஞ்சுக்குள்ளும் எதுவோ 'டிக்' என்றது. அந்தச் சத்தம் பொன்னேரி வரைக்கும் கேட்டிருக்கும். அவளுக்கு மட்டும் கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

*

அதன்பிறகு ஒன்றரை மாதத்தில் அந்த இரண்டு விளக்குக்குப் பதினாறு ரிப்பேர்.

"எரிய மாட்டேங்குதுங்க."

"ஃபியூஸக் காணோம்."

"அப்படியா? எங்க போச்சு?"

"உங்க ஜோபில தேடுங்க."

தேடினான். இருந்தது. "இது எப்படிங்க இங்க வந்துச்சு?"

"நடந்து வந்திருக்கும். அடுத்த தடவ பஸ்ல வரச் சொல்லுங்க, கால் வலிக்கும்."

இப்படியே போனது. அவன் எதற்கு வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவனுக்கும் தெரியும். எதிர் டீக்கடைக்காரனுக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும். சொல்ல வேண்டிய இரண்டு பேர் மட்டும் சொல்லவில்லை. 'இன்னைக்குச் சொல்லுவானா...' என்று இவள். 'இன்னைக்குக் கேப்பாளா...' என்று அவன். நடுவில் பாவம், அந்த ஃபியூஸ்.

கெடுத்தது அவன் வாய்தான். ஏரிக்கரையில் நண்டு ஏற்றும்போது யாரோ விளக்கைப் பாராட்ட, "தோணிரேவு கலைவாணி மாட்டினது. எல்.இ.டி. இதுமாதிரி மாட்ட மெட்ராஸ்லயே ஆள் கிடையாது," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். பக்கத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர் பெட்டியைக் கீழே வைத்தார். அவர் சடையன்.

இந்த இடத்தில் ஒரு சத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெளியூர்ப் பெரிய படகுகள் சில, கடலில் ஜெனரேட்டர் போட்டு, எல்.இ.டி. விளக்குகளைக் குலை குலையாய் எரித்து, கண்ணுக்கெட்டின மீனையெல்லாம் வெளிச்சத்துக்கு இழுத்து, குஞ்சுகூட மிச்சமில்லாமல் அள்ளிக்கொண்டு போயின. சின்னப் படகுக்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். அப்போது தோணிரேவு கோயிலில் ஊர் கூடி, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தது. எல்.இ.டி. விளக்கைத் தொடுகிற வீட்டுக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது. ஏரியில் மீன் ஓடும் கால்வாயில் எந்த நாள் எந்த வீடு வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. பாடு போன வீட்டுக்கு ஊரில் தலை நிமிராது. முதல் கற்பூரம் ஏந்தியவர் திருவேங்கடம். கோயில் கோபுரத்தில் மினுக்கிக்கொண்டிருந்த சீரியல் விளக்கும் எல்.இ.டி.தான். அதை அம்மனும் கண்டுகொள்ளவில்லை, ஊரும் கண்டுகொள்ளவில்லை.

அதற்கு முந்தின வருஷம் இந்தச் சடையன், வலையில் சிக்கின நண்டை உருவ வெளிச்சம் போதவில்லை என்று, கையளவு எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் படகில் கட்டிவிட்டார். இருபத்தைந்து வருஷம் திருவேங்கடத்தோடு ஒரே படகில் போனவர். கூட்டத்தில் அழுதார். திருவேங்கடம் அசையவில்லை.

"விளக்குன்னா விளக்குதான். கையளவா, கப்பலளவான்னு அம்மன்கிட்ட அளந்து காட்டுவியா?"

சடையன் வீட்டுக்குப் பாடு போனது. அவர் பெட்டி தூக்கப் போனார். திருவேங்கடம் அன்றிலிருந்து தனியாகத்தான் கடலுக்குப் போனார்.

இப்போது சடையன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. "வேங்கடம், உன் பொண்ணு தொட்டா அது விளக்கு இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"அவ பல்பு மாட்டுறா. அந்த விளக்கையெல்லாம் தொட மாட்டா," என்றார் திருவேங்கடம். உள்ளே வந்து மகளைப் பார்த்தார்.

"எல்.இ.டி.தான் நைனா," என்றாள் கலைவாணி. "ஆனா அது ரோட்டுக்கு. மீனுக்கு இல்ல."

"சடையனுக்குச் சொன்னத உனக்கு மாத்திச் சொன்னா நான் மனுசனா? வெள்ளிக்கிழமை ஊர் கூடுது. அதுக்குள்ள உன் கையால கழட்டிடு. அந்த வண்டி உன் கடைப்பக்கம் வரக்கூடாது. அந்தப் பையனும்," என்றார்.

*

புதன்கிழமை அவன் பதினேழாவது ரிப்பேரோடு வந்தான். சிரித்துக்கொண்டு வந்தான்.

"கழட்டணும்," என்றாள்.

"எதைங்க?"

"லைட்ட." விஷயத்தைச் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"மீனுக்குச் செஞ்ச சத்தியத்துல என் வண்டி எப்படிங்க மாட்டுச்சு? என் வண்டி இன்னா மீனா?"

"நைனா சொல்லிட்டாரு."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

அவள் கையிலிருந்த வயர்த் துண்டைச் சுருட்டினாள். 'கழட்டாதீங்கன்னு சொல்லணும்... சொன்னா நைனா தலை கீழ போயிடும்...'

"பதினாறு தடவ வந்தேன். எதுக்கு வந்தேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"ரிப்பேருக்கு."

அது அவனைச் சுட்டுவிட்டது. "சரிங்க. அப்ப இதையும் ரிப்பேர்லயே சேத்துக்குங்க." பானெட்டைத் தூக்கி, அவள் அத்தனை அழகாக ஓட்டியிருந்த வயர்களை ஒரே பிடியில் பிடித்துப் பிய்த்தான். ரிலே உடைந்து அவள் காலடியில் விழுந்தது. விளக்குகளைக் கழற்றவில்லை. குருட்டுக் கண்ணோடு வண்டி போனது.

மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை.

பனி. அப்படி ஒரு பனியை அதற்கு முன்னும் பின்னும் பழவேற்காடு பார்த்ததில்லை. கையை நீட்டினால் விரல்கள் வேறு யாருக்கோ சொந்தம். மற்ற படகுகள் ஆறு மணிக்குள் தட்டுத்தடுமாறி வந்துவிட்டன. முகத்துவாரத்துக்கு வெளியே நண்டு வலை எடுக்கத் தனியாகப் போன திருவேங்கடம் மட்டும் வரவில்லை. முகத்துவாரத்தில் மணல்திட்டு நாளுக்கு ஒரு இடம் மாறும். வழி தவறித் திட்டில் ஏறினால் அலை படகைக் கவிழ்த்துவிடும். கரையில் நாற்பது பேர் தகரம் தட்டிக் கத்தினார்கள். பனியில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? தகரம் தட்டினவர்களில் முதல் ஆள் சடையன்.

ஏழு மணி. கலைவாணி போனை எடுத்தாள். அவனுக்கு அவள் போட்ட முதல் போன் அதுதான்.

"நைனா வரல. முகத்துவாரத்துக்கு வண்டிய எடுத்துட்டு வாங்க."

அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காட்டூரிலிருந்து ஒன்பது நிமிஷத்தில் வந்தான். அந்தப் பனியில், அந்த ரோட்டில். வண்டிச் சக்கரம் தரையில் பட்டதா என்று விசாரித்தால் பட்டிருக்காது என்றுதான் தெரிகிறது. மணலில் புதையாமலிருக்க டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, திட்டுகளுக்கு நடுவே படகு நுழையும் வழிக்கு நேரே, கடலைப் பார்த்து நிறுத்தினான். ஹெட்லைட்டைப் போட்டான். பத்தடியில் வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது.

"அத அணைங்க. மஞ்சள்."

"வயரத்தான் நேத்தே..."

"தெரியும். ஹாரன அடிச்சு அடிச்சு நிறுத்துங்க. நிறுத்துறப்போ காது குடுத்துக் கேளுங்க."

பிய்ந்த வயரைப் பல்லால் சீவி, கையில் பிடித்து, பேட்டரி முனையில் நேராகத் தொட்டாள். ரிலே இல்லை. ஃபியூஸ் இல்லை. முதன்முதலில் பார்த்த அன்று அவன் எந்த முட்டாள்தனத்தைச் செய்ததற்குத் திட்டினாளோ, அதையே இப்போது தெரிந்து செய்தாள். பொறி தெறித்தது. பம்பரில் இரண்டு மஞ்சள் கண்கள் திறந்தன. வெளிச்சம் தாழ்வாக, தண்ணீரோடு ஒட்டி, பனிக்குள் புகுந்து போனது.

சும்மா எரிந்தால் ஏதோ விளக்கு என்று நினைப்பார். ஆகையால் மூன்று தடவை தொட்டாள், விட்டாள். மூன்று தடவை தொட்டாள், விட்டாள். ஒவ்வொரு தொடுதலுக்கும் கட்டைவிரல் வெந்தது. முக்கால் மணி நேரம்.

இன்னொரு முறை ஹாரனும் தகரமும் சேர்ந்து நின்றன. மற்றவர்கள் தூரத்தில் தண்ணீர் ஓரமாக இருந்தார்கள். உலகத்தில் வேறு சத்தமே இல்லாத மாதிரி ஒரு அமைதி.

"கலை."

முதல் தடவையாக 'ங்க' இல்லாமல் கூப்பிட்டான். பனியில் நனைந்த இமை... அவள் திரும்பவில்லை.

"ம்."

"உங்க நைனா வந்ததும் கேட்டுடறேன்."

தொட்டாள். விட்டாள். தொட்டாள். "இன்னாத்த?"

"உன்னத்தான்."

விரல் எரிந்தது. கண்ணும்தான். பனிக்குள்ளே பார்த்துக்கொண்டு, அவனுக்கும் கடலுக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"கேளுங்க."

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு படகு மூக்கு. இந்தப் பக்கத் திட்டுக்கு இரண்டு முழம், அந்தப் பக்கத் திட்டுக்கு இரண்டு முழம். அளந்து விட்ட மாதிரி விளக்குக்கு நேரே வந்தது.

*

முழங்கால் தண்ணீரில் இறங்கினார் திருவேங்கடம். மஞ்சள் வெளிச்சம் அவர் முகத்தில் விட்டு விட்டு அடித்தது. சடையன்தான் முதலில் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"வேங்கடம்... லைட்டப் பாத்துதான வந்த?"

நாற்பது பேரும் மூச்சை நிறுத்தினார்கள். ஆமாம் என்றால் சடையனுக்குச் செய்தது அநியாயம். ஆமாம் என்றால் மறுநாள் கூட்டத்தில் திருவேங்கடம் வீட்டுக்கும் பாடு இல்லை. அவர் சடையனைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"எந்த லைட்டு?" என்றார். "நான் ஒண்ணும் பாக்கல. அலை சத்தத்த வெச்சு வந்தேன். நாப்பது வருஷமா வர்றவனுக்கு லைட்டு எதுக்கு?"

சடையனின் கை தானாக நழுவியது.

திருவேங்கடம் மகளிடம் வந்தார். பின்னால் மோகன்குமார், கேட்பதற்குத் தொண்டையைச் சரி செய்துகொண்டு நின்றான்.

"நீ இங்க இன்னா பண்ற? கையில இன்னாது?"

கலைவாணி அப்பாவைப் பார்த்தாள். குளிரில் தாடை ஆடிக்கொண்டிருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண் அவளிடம் எதையோ கெஞ்சியது. இந்தக் கண் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை.

வயரைக் கீழே விட்டாள். மஞ்சள் அணைந்தது.

"ஒண்ணுமில்ல நைனா."

"ஒண்ணுமில்லையா?" என்றான் மோகன்குமார், ரொம்ப மெதுவாக.

அவள் திரும்பவில்லை. அவன் காத்திருந்தான். திரும்புவாள் என்று... ஒரு தடவை... பிறகு பானெட்டைச் சாத்திவிட்டு, காற்றிறங்கிய டயரோடு, மணலில் ஆடி ஆடிப் போனான்.

முகத்தில் மஞ்சள் வெளிச்சம் அடித்த நாற்பது பேரும் மறுநாள் கூட்டத்தில் விளக்கு எதையும் பார்க்கவில்லை. திருவேங்கடம் வீட்டுப் பாடு தப்பியது. டீக்கடையில் மட்டும் பார்த்தார்கள். சொல்லச் சொல்ல அந்த வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே போனது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திருவேங்கடம் ஒரே வார்த்தைதான் சொல்வார். "பொய்."

இரண்டு பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கூப்பிடட்டும் என்று ஒருவர் இருந்தார்கள். ஆவணியில் மோகன்குமாருக்குப் பொன்னேரிப் பெண்ணோடு கல்யாணம் ஆனது. கலைவாணி அன்று கடையைச் சாத்தவில்லை. அன்று மட்டும் ஏழு ஹாரன் மாட்டினாள்.

*

போன மாதம் அந்த வண்டி அவள் கடை முன்னால் வந்து நின்றது. தூறல். திருவேங்கடம் இப்போது கடலுக்குப் போவதில்லை, கண் மங்கிவிட்டது. பகலெல்லாம் மகள் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இறங்கியது அவன் மனைவி அர்ச்சனா. கலகலப்பான பெண். "அக்கா, கோயிலுக்கு வந்தோம். ஒரு மஞ்ச லைட்டு எரியல. போர்டப் பாத்துட்டு நிறுத்துங்கன்னேன். இவரு நிக்காமப் போறாரு. நான் வுடல."

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

கலைவாணி பானெட்டைத் தூக்கினாள். கை நின்றுவிட்டது. உள்ளே பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ். புது ரிலே. நெளிக் குழாயில் வயர், சூடு படாத அதே வழியில், அதே இடங்களில் கிளிப். முனைகளில் கிரீஸ். அவள் ஒரு நாள் செய்ததைப் பார்த்து வைத்திருந்து, ஒரு திருகு மாறாமல் அவனே செய்திருந்தான். எர்த் முனை ஒன்றில் மட்டும் உப்பு ஏறியிருந்தது. சுரண்டினாள்.

"இந்த லைட்டப் பத்தி இவரு ஒரு கதை சொல்லுவாருக்கா," என்றாள் அர்ச்சனா. "பனியில ஒரு படகையே கரைக்குக் கூட்டியாந்துச்சாம். யாரு லைட்டக் காட்டுனதுன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. நெசமாக்கா?"

"தெரியலீங்க."

"பெரியப்பா, நீங்க கடக்கரை ஆளுதான? அப்படி எதுனா நடந்துச்சா? இவரு டபாய்க்கிறாருன்னு நெனைக்கிறேன்."

"விடு அர்ச்சனா," என்றான் மோகன்குமார், வண்டிக்குள்ளிருந்தே. "சும்மா சொன்ன கதை. ஒண்ணும் நடக்கல."

திருவேங்கடம் அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு மகள் பக்கம். எர்த்தை முடுக்கிக்கொண்டிருந்த அவள் கட்டைவிரலில் தழும்பு வெள்ளையாக மினுங்கியது. அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"உன் வூட்டுக்காரன் பொய் சொல்ற ஆளு இல்லம்மா," என்றார். "படகுல இருந்தது நான்தான்."

அர்ச்சனா சிரித்தாள், கணவனை நிமிர்ந்து பார்த்தாள். பெருமையாகத்தான் பார்த்தாள். அவனோ கண்ணாடியில் படிந்த தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கலைவாணி "தட்டுங்க," என்றாள். 'டிக்.' எதிர்ச் சுவரில் இரண்டு மஞ்சள் வட்டம் விழுந்தது. பழைய சாக்பீஸ் கோடு இன்னும் லேசாக இருந்தது. வெளிச்சம் அதற்கு மேல் ஏறவில்லை.

வண்டி போனது. ரோட்டுத் திருப்பத்தில் மறையும் வரை அவள் பார்க்கவில்லை. மறைந்த பிறகு பார்த்தாள்.

"நாளைக்கு ஊர்ல சொல்லிடறேன் கலை," என்றார் திருவேங்கடம். "சடையன் வூட்டுக்குப் போயி மொதல்ல அவன்கிட்ட சொல்றேன். பாடு போனா போவட்டும்."

"இப்ப எதுக்கு நைனா?" ஸ்பானர்களைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தாள். "லைட்டப் பாத்தேன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தாப் போதும்."

அவர் ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"பாத்தேன். மேற்கால, மஞ்சளா... மூணு தடவ எரியும், அணையும். எம் பொண்ணு கைன்னு தெரிஞ்சுதான் படகத் திருப்பினேன்." அவர் மங்கின கண்ணைத் துடைக்கவில்லை. "லைட்டு மட்டும் இல்லம்மா. தண்ணி மேல பேச்சு தூரம் போவும். அந்தப் பையன் சொன்னதும் கேட்டுச்சு... நீ 'கேளுங்க'ன்னு சொன்னதும் கேட்டுச்சு."